மெஷினுக்கேற்ற சரக்கா? சரக்குக்கேற்ற மெஷினா?

"நானா, வீட்டு உறுதியக் கொண்டு போய் பேங்கில வைக்கப் போறன். அதுக்கு முந்தி நீங்க ஒருக்கா வந்து ஃபெக்டரியப் பாத்துட்டுப் போங்க."

கினிகத்தேனைப் பக்கம் சிறியதொரு தேயிலைத் தொழிற்சாலை நடத்தும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. அந்த வீடு அவர் சம்பாதித்ததல்ல. அவருடைய மனைவிக்கு அவளுடைய வாப்பா எழுதிக் கொடுத்தது. வட்டிக்குக் கடன் எடுப்பதில்லை என்று இருபது வருடங்களாகப் பிடிவாதமாக இருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் உறுதியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார் என்றால் விடயம் சாதாரணமானதாக இருக்க முடியாது. மறுநாளே ஹட்டன் பஸ்ஸில் ஏறி கினிகத்தேனையில் இறங்கினேன்.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் நிலைமை புரிந்துவிட்டது. கொழுந்து வாட்டும் தொட்டிகள் எட்டு இருந்தன. மூன்றில்தான் கொழுந்து கிடந்தது. ரோலர் நான்கில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. மற்ற இரண்டுக்கும் சாக்கு போர்த்தியிருந்தார்கள். நண்பர் என்னைக் காரியாலயத்துக்குள் அழைத்துச் சென்று ஒரு விலைப்பட்டியலை நீட்டினார். சி.டி.சி. முறையில் தேயிலை தயாரிக்கும் முழு இயந்திரத் தொகுதி ஒன்றுக்கான விலை அதில் இருந்தது. தேநீர்ப் பைகளுக்கு அந்த வகைத் தூளைத்தான் கேட்கிறார்களாம்.

"எந்த மெஷின் வாங்கினா இந்தத் தொழில் நிமிரும்னு சொல்லுங்க நானா" என்றார்.

நான் பதில் சொல்வதற்கு முன்னர், தேநீர் கொண்டு வந்து வைத்த வயதான டீமேக்கர் மெதுவாகச் சொன்னார்: "இருக்கிற மெஷினுக்கே வேலை இல்லைங்க ஐயா. அதுக்கு மருந்து இன்னொரு மெஷினா?"

அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை. நம்மில் அநேகர் புதுச் சரக்கொன்றை மனதில் வரைந்து கொண்டு, பிறகு அதற்கான இயந்திரத்தைத் தேடி ஓடுகிறோம். தலைகீழாக யோசித்தால் என்ன? நம்மிடம் ஏற்கனவே இருக்கும் இயந்திரம், கட்டிடம், கைப்பழக்கம் ஆகியவற்றைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று யோசித்து, அதற்கேற்பச் சரக்கை அமைத்துக் கொண்டால் என்ன? மலையகத்தின் நூற்றைம்பது வருட வரலாறு இந்த இரண்டாவது வழியில் நடந்த வரலாறுதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

"ஸ்டோர்" சொல்லும் கதை

தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை "ஸ்டோர்" என்றுதான் சொல்வார்கள். தேயிலை செய்யும் இடத்துக்கு ஏன் களஞ்சியம் என்று பெயர் வந்தது? அது கோப்பிக் காலத்துப் பெயர். கோப்பிப் பழத்தின் தோலை நீக்கி, கொட்டையைக் காயவைத்துச் சேமித்த கட்டிடத்துக்குக் கோப்பி ஸ்டோர் என்று பெயர். 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கை ஏறத்தாழ அழிந்தே போனது. தோட்டத்துரைமார் பலர் கையில் எதுவுமின்றி ஊருக்குக் கப்பலேறினார்கள்.

எஞ்சியவர்கள் என்ன செய்தார்கள்? கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அவருடைய முதல் தொழிற்சாலை எது தெரியுமா? அவர் குடியிருந்த பங்களாவின் விறாந்தைதான். மேசைமீது கொழுந்தைப் பரப்பிக் கையால் தேய்த்து உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டி உலர்த்தினார்கள். இருந்ததைக் கொண்டு செய்து பார்த்து, சரக்கு சரிவரும் என்று உறுதியான பின்னர்தான் 1872இல் இயந்திரத்துடன் கூடிய தொழிற்சாலையை அமைத்தார். சரக்கு முதலில், இயந்திரம் பிறகு. பிற தோட்டங்களிலும் கோப்பிக்காக வெட்டிய பாதைகள், கட்டிய லயங்கள், ஸ்டோர்கள், கோப்பிக்காக வந்து குடியேறிய தொழிலாளர் ஆகிய அனைத்தும் தேயிலைக்குக் கைமாறின. பழைய பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பட்டறைகளும் மாறின

தோட்டங்கள் மட்டுமல்ல, தோட்டங்களுக்கு இயந்திரம் செய்து கொடுத்த பட்டறைகளின் கதையும் இதுவே. கண்டியில் 1854இல் தொடங்கப்பட்ட ஜோன் வோக்கர் கம்பனியின் பிரதான வியாபாரம் கோப்பி இயந்திரங்கள். கோப்பி விழுந்ததும் அவர்களும் கூடவே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இரும்பு வார்க்கவும், தண்டு கடையவும், பல்சக்கரம் பொருத்தவும் தெரிந்த பட்டறை அது. அந்தக் கைத்திறனுக்குக் கோப்பி என்றும் தேயிலை என்றும் பேதமில்லை. 1880இல் அதே கம்பனி தேயிலை உருட்டும் ரோலர் இயந்திரத்தைச் செய்து வெளியிட்டது. கோப்பி இயந்திரக்காரன் தேயிலை இயந்திரக்காரன் ஆனான்.

மலையகத்துப் பழைய தொழிற்சாலைகளுக்குள் போனால் கொழுந்து உலர்த்தும் இயந்திரத்தின் நெற்றியில் "சிரொக்கோ" என்று வார்த்திருப்பதைக் காணலாம். பாலைவனத்திலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயர் அது. கிழக்கு என்று பொருள்படும் "ஷர்க்" என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பார்கள். இதை உருவாக்கிய சாமுவேல் டேவிட்சன் அயர்லாந்துக்காரர். இளவயதில் இந்தியாவில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். கரி அடுப்பில் தேயிலை உலர்த்தும் சிரமத்தைக் கண்டு வெப்பக் காற்றால் உலர்த்தும் முறையை அமைத்தார். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தமது தொழிற்சாலையைத் தொடங்கினார். உலர்த்தும் இயந்திரத்துக்குள் காற்றைத் தள்ள நல்ல விசிறி தேவைப்பட்டது. அதற்காகத் தாமே விசிறி வடிவமைத்தார். பிறகு பார்த்தால் அந்த விசிறிக்கே தனிச்சந்தை இருந்தது. சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் காற்றூட்ட அதே பட்டறையிலிருந்து விசிறிகள் போயின. தேயிலைக்காகச் செய்த ஓர் உறுப்பு இன்னொரு தொழிலையே பெற்றெடுத்தது.

இந்த இருவரும் "எமது சரக்கின் பெயர் என்ன?" என்று கேட்கவில்லை. "எமது பட்டறைக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்டார்கள்.

நான்கு தேயிலை, ஒரே தொழிற்சாலை

இனி நண்பரின் தொழிற்சாலைக்கு வருவோம். அங்கே நடப்பது பாரம்பரிய முறை. கொழுந்தைத் தொட்டியில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுவார்கள். வாடியதை ரோலரில் இட்டு உருட்டி நசுக்குவார்கள். சாறு வெளிப்பட்டுக் காற்றுப்பட்டுப் புளிக்கும்; பச்சை நிறம் செம்பு நிறமாகும். பிறகு வெப்பக் காற்றில் உலர்த்தி, சலித்து, தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை கிலோவுக்குச் சற்று மேல் கொழுந்து வேண்டும்.

இந்த வரிசையில் ஓரிரு படிகளை மாற்றினால் சரக்கே மாறிவிடும். மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் ரோட்டர்வேன் என்ற இயந்திரத்தின் ஊடாகவும் கொழுந்தைச் செலுத்துவார்கள். 1950களின் பிற்பகுதியில் அஸ்ஸாமின் டொக்லாய் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது அது. இறைச்சி அரைக்கும் கருவி போல இலையை வெட்டி நெரித்துத் தள்ளும். அதனால் சிறுதூள் வகைகள் அதிகம் கிடைக்கும். சாயம் விரைவில் இறங்கும். அதே கொழுந்தை ரோட்டர்வேனில் போடாமல், ரோலரின் அழுத்தத்தைக் குறைத்து மெதுவாக உருட்டினால் சுருண்ட நீள இலைத் தேயிலை கிடைக்கும். புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஓர் இயந்திரத்தை நிறுத்தினாலே போதும்.

பச்சைத் தேயிலைக்கு இன்னொரு மாற்றம். கொழுந்து வந்தவுடனேயே நீராவியிலோ சூடான உருளையிலோ இட்டுப் புளிப்பை உண்டாக்கும் நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிட வேண்டும். அதன் பிறகு அதே ரோலர், அதே ட்ரையர், அதே சல்லடை. புளிக்கவைக்கும் படி மட்டும் கிடையாது. ஆக இங்கே புதிதாக வேண்டியது ஒரேயொரு கருவி. வெள்ளித் தளிர் என்ற வெள்ளைத் தேயிலைக்கோ ரோலர் கூட வேண்டாம். விரியாத மொட்டை மட்டும் கிள்ளி வாட்டி உலர்த்துவதுதான். ஆனால் அதற்குக் கிள்ளும் கைகள் அதிகம் வேண்டும். கிடைக்கும் அளவும் கைப்பிடிதான்.

இப்போது நண்பர் வாங்க நினைத்த சி.டி.சி. முறையைப் பாருங்கள். 1930ஆம் ஆண்டளவில் அஸ்ஸாமில் பிறந்த முறை இது. பல் வெட்டிய இரும்பு உருளைகளுக்கிடையே இலையைச் செலுத்திக் குறுணியாக்குவது. இதற்கு ரோலர் உதவாது. உலர்த்தும் இயந்திரமும் வேறு வகையாக இருப்பது நல்லது. சலிக்கும் ஒழுங்கும் வேறு. அடிக்கடி தேயும் பற்களைத் தீட்டத் தனியாகக் கடைசல் வசதி வேண்டும். டீமேக்கரின் முப்பது வருடக் கைப்பழக்கமும் செல்லாக்காசாகிவிடும். அதாவது நண்பர் ஓர் இயந்திரம் வாங்கவில்லை. இருக்கும் தொழிற்சாலைக்குள் இன்னொரு தொழிற்சாலையை வாங்குகிறார். இலங்கைத் தேயிலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இன்றும் பாரம்பரிய முறையில்தான் தயாராகிறது. சி.டி.சி. சந்தையில் நாம் மோத வேண்டியது கென்யாவுடனும் இந்தியாவுடனும்.

இதையெல்லாம் விட முக்கியமானது, அவருடைய நோய் இயந்திரக் குறைபாடல்ல, கொழுந்துக் குறைபாடு. 2013இல் 34 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையின் காயம் அது. தடை அதே வருடம் நீங்கினாலும், பசளையின் விலை ஏறிப் போனதால் சிறுதோட்டக்காரர்கள் போடும் அளவைக் குறைத்தார்கள். செடி ஒரே நாளில் தேறிவிடாது. இருக்கும் தொட்டிகளே காலியாகக் கிடக்கும்போது இன்னும் அதிகக் கொழுந்து விழுங்கும் இயந்திரத்தால் என்ன பயன்? வேண்டியது குறைந்த கொழுந்திலிருந்து கூடிய பெறுமதி.

நம் அரபுச் சந்தை கற்றுத் தந்த பாடம்

பிரித்தானியர் காலத்தில் மலைநாட்டுத் தேயிலைதான் ராஜா. தாழ்நிலத் தேயிலைக்கு மதிப்புக் குறைவு. மலைநாட்டுக் குளிர் தரும் மென்மையான வாசனை காலி, மாத்தறை, இரத்தினபுரிச் சூட்டில் வராது. இதைத் தாழ்நிலத் தொழிற்சாலைக்காரர்கள் இயந்திரம் வாங்கி மாற்ற முயன்றிருந்தால் அழிந்திருப்பார்கள். அவர்கள் செய்தது வேறு. தங்கள் கொழுந்துக்கும் தங்கள் ரோலருக்கும் எது பொருந்தும் என்று பார்த்தார்கள். கறுத்து, நன்கு சுருண்ட, பார்வைக்கு அழகான நீள இலை. அதை விரும்பிக் கேட்டவர்கள் யார்? ஈராக், ஈரான், சிரியா, துருக்கி, வளைகுடா நாடுகள். கண்ணாடிக் குவளையில் பால் சேர்க்காமல் பருகும் மக்களுக்கு அந்த நிறமும் திடமும் பிடித்துப் போயின.

இன்று நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ அறுபது வீதம் தாழ்நிலத் தேயிலை. கொழும்பு ஏலத்தில் அதன் சராசரி விலை மலைநாட்டுத் தேயிலையின் சராசரியை விஞ்சுவது வழமையாகிவிட்டது. 2021 டிசம்பரில் ஈரானிடமிருந்து முன்னர் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலர் கடனை மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க ஒப்பந்தம் செய்யும் அளவுக்கு அந்தச் சந்தை நமக்கு உறுதியானது. இயந்திரத்தை மாற்றாமல் சரக்கின் அமைப்பை மட்டும் மாற்றியதால் விளைந்தது இது.

இயந்திரமே ஓடாவிட்டாலும் கட்டிடம் மிஞ்சும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கந்தப்பளையில் சுமார் 6800 அடி உயரத்தில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலையை எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் படுக்கையறைகளாயின. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலையாகியது. நுவரெலியா பேத்ருவிலும் லபுக்கலையிலும் ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலையையே உல்லாசப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டி, வாசலில் ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு பக்கெட் தேயிலையும் விற்கிறார்கள்.

நான் கற்ற கசப்பான பாடம்

இவ்வளவும் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் சூடுபட்ட பூனைதான்.

1998இல் நாவலப்பிட்டியில் வாப்பா விட்டுச் சென்ற மிளகாய் அரைக்கும் ஆலை என் பொறுப்பில் இருந்தது. அரைக்கும் மெஷின் இரண்டு, வறுக்கும் உருளை ஒன்று, பை ஒட்டும் கருவி ஒன்று. அந்த வருட ரமழானில் எனக்கொரு யோசனை உதித்தது. கொதிநீர் ஊற்றினால் உடனே தயாராகும் நோன்புக் கஞ்சித் தூள். யோசனை நல்லதுதான். ஆனால் அரிசியை அவித்து மறுபடி உலர்த்தித் தூளாக்கும் இயந்திரம் ஆலையில் இல்லை. மனைவியின் நகைகளை விற்றும், மச்சானிடம் கைமாற்று வாங்கியும் ஒன்றைத் தருவித்தேன். அது குடித்த மின்சாரம் ஒருபுறம். வருடத்தில் நாற்பது நாள் ஓடி, மீதி நாளெல்லாம் துருப்பிடித்தது மறுபுறம். இரண்டாவது வருடமே மூன்றிலொரு பங்கு விலைக்கு விற்றேன்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. உடனடிக் கஞ்சி நம் ஆலைக்குப் பொருந்தாத சரக்கு. அரை மணி நேரம் காய்ச்ச வேண்டிய கஞ்சி பொருந்தும் சரக்கு. குறுணலரிசியை இலேசாக வறுத்து, பயறு, வெந்தயம், இஞ்சித் தூள், உள்ளித் தூள், காய்ந்த ரம்பை சேர்த்துப் பையிலிட்டேன். தேங்காய்ப்பாலை வீட்டுக்காரி ஊற்றிக்கொள்வாள். இதற்கு ஒரு சதத்துக்கும் புதிய இயந்திரம் வாங்கவில்லை. ரமழான் முடிந்ததும் அதே உருளையில் பிரியாணி மசாலாவும் வறுத்த கறித்தூளும். மச்சானின் கடனைத் தீர்த்தது அந்தக் காய்ச்சும் கஞ்சிதான். நகைகளை மட்டும் மீட்க முடியவில்லை. விற்றது விற்றதுதான்.

ஆசைக்கும் எல்லை உண்டு

இதைக் கேட்ட நண்பர் உடனே உற்சாகமாகிவிட்டார். "அப்போ நம்ம ட்ரையர்ல இஞ்சி, கறுவா, கொறுக்காய் எல்லாம் காயவைக்கலாமே நானா?"

டீமேக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பதறியது நியாயம். தேயிலை அருகிலிருக்கும் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாள் இஞ்சி உலர்த்திய ட்ரையரில் மறுநாள் தேயிலை உலர்த்தினால் அந்தத் தேயிலை இஞ்சி மணக்கும். சுவைபார்ப்போர் ஒரே மிடறில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏலத்தில் தொழிற்சாலையின் பெயரே கெட்டுவிடும். ஆகவே "இந்த மெஷினால் முடியுமா?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் "இந்தச் சரக்கு ஏற்கனவே இருக்கும் சரக்கைக் கெடுக்குமா?" என்ற கேள்வியும் நிற்க வேண்டும்.

வாசனை சேர்த்த தேயிலை செய்ய நினைப்போருக்கு இன்னொரு விடயம். வெளியிலிருந்து வாங்கும் திரவ வாசனைச் சாரங்களில் அற்ககோல் கரைப்பானாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். எதில் கரைத்தது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, ஹலால் விடயம் அறிந்தவர்களிடம் காட்டிய பின்னரே தொட வேண்டும். "தேயிலைதானே, அதில் என்ன ஹராம்" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

காகிதத்தில் ஐந்து கேள்விகள்

அன்று மாலை மூவரும் உட்கார்ந்து ஒரு கொப்பியில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதினோம். ஆலை, பேக்கரி, தையல் கூடம், தச்சுப் பட்டறை எது வைத்திருப்பவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

1. என்னிடம் என்ன இயந்திரங்கள் உள்ளன? ஒவ்வொன்றும் வாரத்தில் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது? சும்மா நிற்கும் நேரம்தான் நம்முடைய உண்மையான மூலதனம். அதற்கான பணத்தை ஏற்கனவே செலுத்திவிட்டோம்.

2. அவற்றின் பெயரை மறந்துவிட்டால், அவை செய்யும் தொழில் என்ன? ட்ரையர் என்பது தேயிலை இயந்திரமல்ல. அளவான வெப்பத்தில் ஈரத்தை நீக்கும் இயந்திரம். ரோலர் என்பது நசுக்கிச் சுருட்டும் இயந்திரம். இப்படி எழுதினால்தான் வேறு சரக்கு கண்ணுக்குத் தெரியும்.

3. புதுச் சரக்குக்கு எத்தனை கருவிகள் குறைகின்றன? ஒன்று குறைந்தால் யோசிக்கலாம். இரண்டு குறைந்தால் தயங்க வேண்டும். மூன்று குறைந்தால் அது நம் சரக்கல்ல, இன்னொருவருடைய சரக்கு.

4. அது பழைய சரக்கைக் கெடுக்குமா? வாசனை, சுத்தம், வேலையாட்களின் நேரம், அனுமதிப்பத்திரம் எல்லாமே இதில் அடங்கும். தேயிலையென்றால் இலங்கைத் தேயிலைச் சபையிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

5. வாங்குபவர் யார்? அவருடைய பெயரை எழுத முடியாவிட்டால் சரக்குச் செய்யக் கூடாது.

மூன்றாவது கேள்வியில் சி.டி.சி. அடிபட்டது. வெள்ளைத் தேயிலை ஐந்தாவதில் நின்றுவிட்டது. நீள இலையும் பச்சைத் தேயிலையும் தேறின. பச்சைத் தேயிலையிலும் ஒரு சிக்கல் இருந்தது. உலகில் பச்சைத் தேயிலை அதிகம் வாங்கும் நாடுகளில் மொரோக்கோ முன்னணியில் நிற்கிறது. அவர்கள் புதினா சேர்த்துப் பருகுவது துப்பாக்கிக் குண்டு போல உருண்ட சீனத் தேயிலை. அந்த உருண்டை வடிவத்துக்கு வேறு இயந்திரங்கள் வேண்டும். விலையிலும் சீனாவுடன் போட்டியிட முடியாது. ஆகவே உருண்டையை விட்டுவிட்டு, நம் ரோலரில் இயல்பாக வரும் சுருள் இலையாகவே செய்வது என்று முடிவாயிற்று. கொழும்பில் பக்கெட் பண்ணி ஏற்றுமதி செய்யும் ஒருவர், மாதிரி கொண்டு வந்தால் பார்க்கிறேன் என்று முன்னரே சொல்லியிருந்தார். ஐந்தாவது கேள்விக்கு அவர் பெயரை எழுதினோம்.

கடன் வேண்டாம் என்பதற்கு மார்க்கக் காரணம் முதன்மையானது. உலகக் காரணமும் உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதே வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் பாய்ந்தது. அதற்குச் சற்று முன்னர் கடனில் இயந்திரம் இறக்கியவர்களில் எத்தனை பேர் கண்ணீர் வடித்தார்கள் என்பதை நம் ஊர்களிலேயே பார்த்தோம். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. உழைப்பவனுக்கு அது நியாயமாகச் சேர வேண்டியது. அந்தக் கூலியைக் கொடுக்கும் வருமானத்தை வட்டிக்காரனுக்குக் கொடுத்துவிட்டுக் கைவிரிப்பது எந்த வகையில் நீதி?

முதல் தடவை சரிவரவில்லை

வாசகர்கள் வெற்றிக் கதையை எதிர்பார்ப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன். கண்டியில் ஒரு பட்டறையில் சூடாக்கும் உருளையொன்றைச் செய்வித்து, கையிலிருந்த பணத்தையே கொடுத்துக் கொண்டு வந்து பொருத்தினார் நண்பர். முதல் தொகுதி பச்சையாக வரவில்லை. பழுப்பும் சிவப்புமாக வந்தது. உருளையில்தான் பிழை என்று நான் நினைத்தேன். டீமேக்கர் லொறிக்குப் போய்க் கொழுந்துச் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே சுட்டது. சாக்கில் அமுக்கி அடைத்ததால் கொழுந்து நசுங்கிச் சூடேறி, வழியிலேயே சிவந்து விட்டிருந்தது. கறுப்புத் தேயிலைக்கு ஓரளவு மறைந்துபோகும் அந்தக் குறை பச்சைத் தேயிலையில் அப்படியே தெரிந்துவிடும்.

மாற்ற வேண்டியது இயந்திரமல்ல, கொழுந்து வரும் விதம் என்று அப்போது விளங்கியது. பக்கத்திலுள்ள ஆறு சிறுதோட்டக்காரர்களுடன் மட்டும் பேசி, சாக்குக்குப் பதிலாகக் கூடைகளில் தளர்வாக இட்டுக் காலையிலும் மாலையிலும் இரு தடவை அனுப்பச் செய்தார். அதற்காகக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவும் கொடுத்தார். பச்சைத் தேயிலை ஓடும் நாட்களுக்கு முதல்நாள் இரவே ரோலர்களைக் கழுவித் துடைக்கும் ஒழுங்கை டீமேக்கர் ஏற்படுத்தினார். மூன்றாவது தொகுதி கொழும்புக்காரருக்குப் பிடித்தது. சிறிய ஓடர்தான். இப்போது வாரத்தில் இரண்டு நாட்கள் பச்சைத் தேயிலை ஓடுகிறது. மற்ற நாட்களில் நீள இலையும் வழக்கமான தூளும். போர்த்தியிருந்த சாக்கை ஒரு ரோலரிலிருந்து எடுத்தாயிற்று. மற்றது இன்னும் போர்த்தியபடியே இருக்கிறது.

தொழிற்சாலை நிமிர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கொழுந்து பெருகினால்தான் நிமிரும். அது மழையையும் பசளையையும் அல்லாஹ்வின் நாட்டத்தையும் பொறுத்தது. ஆனால் வீண்விரயத்தை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதை நாம் அறிவோம். சாப்பாட்டுக் கோப்பையில் மிஞ்சும் சோறு மட்டுமல்ல, ஆலையின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் இயந்திரமும் நமக்குத் தரப்பட்ட அமானிதம்தான். அதற்கு வேலை தேடிக் கொடுப்பதும் நம் கடமையே.

சென்ற மாதம் நண்பர் பேசும்போது, புதிதாக எதுவும் வாங்கவில்லையா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"வாங்கினன் நானா, நாப்பது கூடை" என்றார்.

வீட்டு உறுதி இன்னும் அவருடைய மனைவியின் அலுமாரியில்தான் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.